உட்கார்ந்தாலே மனசு ஓடுகிறதே! (வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் மௌன ஜெபத்தைப் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். தினமும் கொஞ்ச நேரம் எதையும் கேட்காமல், எதையும் சொல்லாமல் கடவுள் முன்னால் சும்மா உட்கார்ந்து பாருங்கள் என்று. வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், மீதிப் பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து இந்த முறை பக்கம் முழுக்க இதே விஷயம்தான். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் போதகரும் இல்லை, குருவானவரும் இல்லை. இருபது வருஷமாக இந்த ஜெபத்தில் தட்டுத் தடுமாறிக்கொண்டிருக்கிற ஒரு குடும்பஸ்தன், அவ்வளவுதான்.

கேள்வி: ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தினமும் காலையில் பத்து நிமிஷம் உட்காருகிறேன். கண்ணை மூடியதும் முடிக்காத வேலை, நேற்றைய சண்டை, பதில் போடாத மெயில் எல்லாம் வரிசை கட்டி வருகின்றன. பத்து நிமிஷத்தில் கடவுளை நினைத்தது பத்து விநாடி இருக்குமா என்பதே சந்தேகம். இது ஜெபமா, இல்லை என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா?

பதில்: ஜெபம்தான். சந்தேகமே வேண்டாம்.

அவிலாவின் தெரேசாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த கார்மேல் சபைத் துறவி. ஜெபத்தைப் பற்றி அவர் எழுதியவற்றுக்காகவே 1970இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே போதிக்கத் தகுதியுள்ள ஆசிரியர் என்று அறிவித்தது, அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். அப்பேர்ப்பட்டவர் தன் வாழ்க்கை வரலாற்றில் என்ன எழுதுகிறார் தெரியுமா? சில வருஷங்கள் ஜெபத்தில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் இந்த ஒரு மணி நேரம் எப்போது தீரும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்பதிலேயே தன் கவனம் இருந்தது என்கிறார். பிற்காலத்தில், ஜெபத்தில் நன்றாக ஊறிப்போன பிறகும், தலைக்குள் ஆறுகள் பாய்கிற மாதிரியும் பறவைகள் கத்துகிற மாதிரியும் இரைச்சல் இருந்ததை மறைக்காமல் சொல்கிறார். ஆனால் அந்த இரைச்சல் ஜெபத்தைக் கெடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார். மேல்மாடியில் யாரோ மேசை நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தால் கீழே இருவர் பேசிக்கொண்டிருப்பது நின்றா போகிறது?

மனசு ஓடும். அது அதன் வேலை. ஓடிவிட்டது என்று கவனிக்கிறீர்கள் பாருங்கள், அந்த நொடியில் திரும்பி வருகிறீர்கள். உங்கள் வேலை அந்தத் திரும்புதல் மட்டும்தான். நூறு தடவை ஓடினால் நூறு தடவை திரும்பலாம், அதாவது கடவுள் வேண்டுமென்று நூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள். பிரான்சிஸ் டி சலேஸ் என்ற ஆயர் (1567–1622) சொன்னதாக வழங்கும் ஒரு அறிவுரை இது: ஒரு மணி நேரம் முழுக்க மனதை மெதுவாகக் கூட்டி வந்து ஆண்டவர் பக்கத்தில் உட்காரவைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றாலும் அந்த நேரம் நன்றாகச் செலவானதுதான். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ‘மெதுவாக’. நாம் என்ன செய்கிறோம் என்றால், ஓடிப்போன மனதைக் காதைத் திருகி இழுத்து வருகிறோம், சே நானும் ஒரு கிறிஸ்தவனா என்று நம்மையே இரண்டு அடி போடுகிறோம், அந்த அடியிலேயே அடுத்த ஐந்து நிமிஷம் போய்விடுகிறது. ஓடியதைவிட அதைப் பற்றிய புலம்பல்தான் பெரிய ஓட்டம்.

திரும்பி வர ஒரு கைப்பிடி இருந்தால் சுலபம். நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் இருந்த துறவிகள் இதற்கு ஒரு சின்ன வேதவசனத்தை வைத்துக்கொண்டார்கள். அவர்களிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்து மேற்கு நாட்டவருக்கு எழுதிவைத்த ஜான் காசியன் என்பவர் 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைக் கொடுக்கிறார்: “தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.” சந்தோஷமானாலும் பயமானாலும் கோபமானாலும் பொருந்துகிற வசனம் என்பது அவர் கணக்கு. அவ்வளவு நீளம் வேண்டாமென்றால் ‘இயேசுவே’ என்ற ஒரு சொல் போதும், ‘அப்பா’ என்றாலும் போதும். அதை விடாமல் உருப்போட வேண்டியதில்லை, மனசு ஓடியது தெரியும்போது ஒரு தடவை சொல்லிவிட்டு மறுபடி சும்மா இருங்கள்.

கேள்வி: எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்? முழங்காலில் நிற்க வேண்டுமா, தரையிலா, நாற்காலியிலா?

பதில்: கால் மரத்துப் போனால் கடவுளை அல்ல, காலைத்தான் நினைப்பீர்கள். அதனால் நாற்காலியே நல்லது, முதுகு நேராக, பாதம் தரையில் பட. பத்து நிமிஷத்தில் தொடங்குங்கள். அலாரம் வைத்துவிட்டுப் போனைக் கைக்கு எட்டாத தூரத்தில் கவிழ்த்து வையுங்கள். அலாரம் அடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள், அது ஒன்றுதான் சட்டம். அருமையாக இருக்கிறது என்று நீட்டவும் வேண்டாம், அறுவையாக இருக்கிறது என்று குறைக்கவும் வேண்டாம்.

கேள்வி: நீங்கள் எழுதியதை எங்கள் சபைப் போதகரிடம் காட்டினேன். மனதைக் காலி செய்வது வேறு மதத்துப் பழக்கம், காலியான வீட்டில் அசுத்த ஆவி ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறும் என்று மத்தேயு 12இல் இருக்கிறது என்றார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் ‘வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்’ என்ற கட்டளைக்கு விரோதம் என்றார். எனக்குப் பயமாகிவிட்டது.

பதில்: உங்கள் போதகர் உங்கள்மேல் அக்கறை உள்ளவர். முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அவர் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். மனதைக் காலி செய்வதே குறிக்கோள் என்றால் அதைக் கிறிஸ்தவ ஜெபம் என்று சொல்ல முடியாது. நான் சொன்னது அதை இல்லை. மத்தேயுவில் வரும் அந்த வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டிருந்தது, ஆனால் உள்ளே குடியிருக்க ஆள் இல்லை, அதுதான் அங்கே பிரச்சினை. நாம் உட்காருவது வீட்டுக்காரரோடு. அவர் இருக்கிறார் என்பதால்தான் நம் வாயை மூடிக்கொள்கிறோம்.

திரும்பச் சொல்வதைப் பற்றி: அந்த வசனத்தில் இயேசு கண்டிப்பது அதிக வசனிப்பினால் கேட்கப்படுவோம் என்று நினைப்பதை. ஒரே வார்த்தையைச் சொல்வதே தவறு என்றால் இயேசு கைதாகும் முன் ஜெபித்த கெத்செமனேத் தோட்டத்தை என்ன செய்வது? அங்கே அவரே மூன்றாம் தடவையும் போய் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று அதே மத்தேயு 26ஆம் அதிகாரத்தில் எழுதுகிறாரே. “பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்” என்ற இயேசு ஜெபத்தைக் கிழக்கத்தியத் திருச்சபையார் எத்தனையோ நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள், கிரேக்க நாட்டின் ஆதோஸ் மலையில் துறவிகள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊழியக் கூட்டங்களில் ‘அல்லேலூயா’வை எத்தனை தடவை சொல்கிறோம் என்று நான் எண்ணப் போவதில்லை.

வேறு மதத்துப் பழக்கம் என்ற விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நேர்மையாக இருக்கலாம். 20ஆம் நூற்றாண்டில் இந்த ஜெபத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஜான் மெயின், மலாயாவில் வேலை பார்த்தபோது ஒரு இந்து சுவாமியிடம் அமர்ந்து கற்றுக்கொண்டதை மறைக்கவில்லை. பிறகு அவர் பெனடிக்டைன் துறவியாகி, காசியனைப் படித்தபோது, அட, இது நம் வீட்டிலேயே இருந்ததே என்று கண்டுகொண்டார். இந்தக் கவலை கத்தோலிக்கர்களுக்கும் வந்தது. 1989இல் வத்திக்கான் இதற்காகவே ஒரு கடிதம் வெளியிட்டது, அதில் கையெழுத்திட்டவர் பின்னாளில் போப் 16ஆம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர். பிற மதங்களின் முறைகளில் பயனுள்ளதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஜெபம் என்பது கடவுளோடு ஆள்-ஆளாகப் பேசும் உறவு என்பது கெடக் கூடாது என்பது அதன் சாரம். அதில் எனக்குப் பிடித்த எச்சரிக்கை ஒன்று உண்டு. உட்கார்ந்ததால் உடம்பில் வரும் ஒரு இதமான தளர்வைப் பரிசுத்த ஆவியின் ஆறுதல் என்று எண்ணி ஏமாறக் கூடாதாம். நான் பல வருஷம் ஏமாந்திருக்கிறேன்.

போதகரோடு வாதாட வேண்டாம். பயத்தோடு உட்காருவதைவிட உட்காராமல் இருப்பது மேல். “நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்” என்ற 46ஆம் சங்கீத வசனத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். அதற்கு எந்தப் போதகரும் ஆட்சேபம் சொல்ல மாட்டார்.

கேள்வி: வேதம் வாசிப்பதற்கும் இந்த ஜெபத்துக்கும் என்ன தொடர்பு? வாசிக்காமல் நேரடியாக மௌனத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் பலருக்கு வாசிப்பு வழியாக வருவதே இயல்பாக இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ இதை நாலு படிகளுள்ள ஏணியாகச் சொன்னார். வாசிப்பு உணவை வாயில் வைப்பது, தியானம் அதை மெல்வது, ஜெபம் அதன் ருசியைத் தேடுவது, கடைசியில் வருகிற மௌனம் அந்த இனிப்பேதான். நம்மில் பலர் மெல்லாமலே விழுங்குகிறோம். ஒரு நாளைக்கு மூன்று அதிகாரம் என்று கணக்கு வைத்து ஓடுகிறவர்களுக்கு ஒரு யோசனை, ஒரு வாரத்துக்கு நாலு வசனத்தைத் தாண்டாதீர்கள். மெதுவாக வாசியுங்கள், ஏதாவது ஒரு சொல் உங்களைப் பிடித்து நிறுத்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு மனசு ஓடுவதில்லை ஐயா. தூக்கம் வந்துவிடுகிறது!

பதில்: லிசியேவின் தெரேசம்மாளுக்கும் இதே கதைதான். ஜெப நேரத்தில் தூங்கித் தூங்கி விழுவார். 24 வயதிலேயே 1897இல் காலமான இந்தக் கன்னியாஸ்திரீ அதற்காகப் பெரிதாகக் கலங்கவில்லை, குழந்தை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்கு ஒரே அன்புதானே என்று எழுதிவைத்தார். ஆனாலும் தினமும் தூங்குகிறீர்கள் என்றால் உங்களுக்குத் தேவை ஜெபம் இல்லை, தூக்கம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, சாகிறேன் என்று புலம்பியபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கடவுள் அவரிடம் பேசிய அந்த “அமர்ந்த மெல்லிய சத்தம்” வந்ததெல்லாம் அதற்கு எத்தனையோ நாள் கழித்துத்தான்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வருஷமாக உடம்பு சரியில்லை. சிகிச்சை நடக்கிறது, நல்ல நாளும் உண்டு, மோசமான நாளும் உண்டு. ‘கர்த்தரை நம்புங்கள், சமாதானமாக இருங்கள்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம்பத்தான் பார்க்கிறேன். ஆனால் ராத்திரி அவன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே விழித்திருக்கிறேன். எனக்குச் சமாதானம் இல்லை என்றால் எனக்கு விசுவாசம் இல்லை என்று அர்த்தமா? அவன் குணமாகவேண்டும் என்று கேட்காமல் மௌனமாக உட்கார என்னால் எப்படி முடியும்?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், கடைசியாகத்தான் பதில் எழுதினேன்.

கேளுங்கள். கேட்காமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை, சொன்னதாகப் பட்டிருந்தால் என் எழுத்தின் குறை. “இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி” இயேசுவே கேட்டார். வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்த ராத்திரி அது. அன்றைக்கு அவர் சமாதானமாக இருந்தார் என்று எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை, மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருந்தார் என்றுதான் இருக்கிறது. அவருக்கு விசுவாசம் இல்லை என்று சொல்வோமா? 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், தொடக்கம் முதல் முடிவு வரை அழுகை, கடைசி வரியில்கூட ஒரு ஆறுதல் கிடையாது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

என் அப்பா ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் பிடிவாதமாக ஜெபித்தேன். என் ஜெபம் முழுக்க ஒரு பேரம்தான் என்பது பிறகுதான் புரிந்தது. நான் முழுசாக நம்புவேன், பதிலுக்குக் கடவுள் அப்பாவைப் பிழைக்கவைக்க வேண்டும், நடுவில் எனக்கு ஒரு துளி சந்தேகம் வந்தால் ஒப்பந்தம் முறிந்துவிடும். அந்தப் பயத்தில் ஒவ்வொரு நாளும் என் விசுவாசத்தையே காய்ச்சல் பார்க்கிற மாதிரி அளந்துகொண்டிருந்தேன், கடவுளைப் பார்க்க நேரமே இல்லை. அப்பா போய்விட்டார். பல மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. அப்புறம் ஒரு நாள், வேறு எதுவும் வராததால், வெறுமனே உட்கார்ந்தேன். கடவுளோடு எனக்குக் கோபம் இருந்தது, அந்தக் கோபத்தோடேயே உட்கார்ந்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் இந்த ஜெபத்துக்குள் வந்தேனே தவிர, அமைதியைத் தேடி வந்தவன் இல்லை.

131ஆம் சங்கீதம் மூன்றே வசனம். அதில், “தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்” என்று வருகிறது. பால் குடிக்கிற குழந்தை என்று எழுதவில்லை பாருங்கள், பால் மறந்த குழந்தை. பால் குடிக்கிற குழந்தையைத் தாய் மடியில் போட்டால் அது உடனே பாலைத் தேடும், கிடைக்காவிட்டால் வீறிடும். பால் மறக்கடிக்கிற நாட்கள் எப்படி இருக்கும் என்று தாயான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எத்தனை அழுகை, எத்தனை ராத்திரி. அந்த அழுகையெல்லாம் ஓய்ந்த பிறகு அதே குழந்தை அதே மடிக்கு வருகிறது, கேட்டது கிடைக்காமல் போன அதே மடிக்கு, அம்மா வேண்டும் என்பதற்காக மட்டும். கேட்டது நடக்கும் என்ற உறுதி உங்களுக்கு வராமல் போகலாம், என்னால் அதைத் தரவும் முடியாது. இந்த மடிக்கு வருவதைத்தான் நான் நம்பிக்கை என்று நினைக்கிறேன், அதற்குக்கூட அழுது தீர்க்க வேண்டிய நாட்கள் உண்டு, யாரும் உங்களை அவசரப்படுத்தக் கூடாது.

பவுல், “எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்” என்று எழுதியது சிறையில் கட்டுண்டு இருந்தபோது. அந்தச் சமாதானம் உங்கள் இருதயங்களைக் “காத்துக்கொள்ளும்” என்கிறார், மூலமொழியான கிரேக்கத்தில் அது காவற்படை ஒரு நகரத்தைக் காப்பதற்குச் சொல்கிற சொல். காவல் போட்டிருக்கிறது என்றால் வெளியே சண்டை நடக்கிறது என்றுதான் அர்த்தம். உங்களுக்குள் ஒரு பக்கம் பயம் இருக்க, இன்னொரு பக்கம் நீங்கள் காக்கப்பட்டுக்கொண்டும் இருக்கலாம், இரண்டும் ஒரே ராத்திரியில் நடக்கும்.

செய்வதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். ராத்திரி அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு எப்படியும் விழித்திருக்கிறீர்கள். அந்த மூச்சு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ‘இயேசுவே’ என்று மனசுக்குள் சொல்லுங்கள். வேறெதுவும் வேண்டாம். சொல்லவும் முடியாத ராத்திரிகளில், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8இல் இருக்கிறது, அன்றைக்கு அவர் பார்த்துக்கொள்ளட்டும். பகலில் ஒரு மணி நேரமாவது வேறு யாரையாவது மகனோடு உட்காரவைத்துவிட்டு நீங்கள் தூங்குங்கள், இதையும் ஜெபக் கணக்கில்தான் சேர்க்கிறேன். சும்மா ‘நம்புங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆரம்பத்தில் ஏழெட்டு மாதம் ஜெபம் தேன் மாதிரி இருந்தது. இப்போது மண்ணாங்கட்டி. ஒன்றும் தோன்றவில்லை. ‘ஆன்மாவின் இருண்ட இரவு’ என்கிறார்களே, அதுவா இது?

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தச் சொல் இப்போது ரொம்ப மலிந்துவிட்டது, திங்கட்கிழமை காலை எரிச்சலுக்கெல்லாம் இருண்ட இரவு என்று பேர் வைக்கிறார்கள். அந்தச் சொல்லைத் தந்த சிலுவையின் யோவான் என்ற ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் துறவி, 1577 டிசம்பர் முதல் அடுத்த ஆகஸ்டு வரை டொலேடோ நகரில் ஒரு சின்னஞ்சிறு அறையில் அடைபட்டுக் கிடந்தார். அடைத்தவர்கள் வேறு யாருமில்லை, அவருடைய சபைச் சகோதரர்களே. அங்கேதான் அவருடைய கவிதைகள் பிறக்க ஆரம்பித்தன. அவர் சில அடையாளங்கள் சொல்கிறார். ஜெபத்தில் ருசி போய்விட்டது, சரி, வேறு எதிலாவது ருசி இருக்கிறதா? ஜெபம் கசக்கிறது, ஆனால் மற்ற பொழுதுபோக்கெல்லாம் இனிக்கிறது என்றால் அது வெறும் சலிப்பு. எதிலும் ருசி இல்லை, முன்மாதிரி யோசித்துத் தியானிக்கவும் வரவில்லை, ஆனாலும் ‘நான் ஆண்டவரை விட்டு விலகிவிட்டேனோ’ என்ற ஏக்கம் மட்டும் அரித்துக்கொண்டே இருக்கிறது என்றால் அவர் சொல்கிற வறட்சி அது. ஏக்கம் இருக்கிறவன் எங்கே விலகினான்?

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை அவர் காலத்திலேயே கவனித்திருந்தார், நம் காலத்தில் நாம்தான் மறைக்கிறோம். சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் ஓடவில்லை, வாழவே வேண்டாம் போலிருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

வெறும் வறட்சி மட்டும்தான் என்றால் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலாவின் ஒரு விதி போதும். ஆறுதல் இல்லாத காலத்தில், ஆறுதல் இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. பத்து நிமிஷம் என்று முடிவு பண்ணியிருந்தீர்களா, பத்து நிமிஷம் உட்காருங்கள். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது, ஏறக்குறைய ஐம்பது வருஷம் அவருக்கு ஜெபத்தில் இருட்டுதான் என்று தெரிந்து உலகமே அசந்துபோனது. ஏமாற்றியிருக்கிறார் என்றுகூடச் சிலர் எழுதினார்கள். தித்திப்பு ஒன்றும் கிடைக்காமல் ஐம்பது வருஷம் தினமும் காலையில் போய் உட்கார்ந்தவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி பதினொன்று வரை வேலை. மூன்று பிள்ளைகள். உட்காருவதற்கு எனக்கு நாற்காலியும் இல்லை, நேரமும் இல்லை.

பதில்: சகோதரி, உங்களுக்கு நான் லாரன்ஸ் சகோதரரைத் துணைக்கு அனுப்புகிறேன். 17ஆம் நூற்றாண்டு பாரிஸில் ஒரு கார்மேல் மடத்துச் சமையல்காரர். முன்னாள் சிப்பாய், காலில் அடிபட்டவர். சமையல் வேலை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது, ஆனாலும் வருஷக்கணக்காக அதைத்தான் செய்தார், முடியாமல் போன பிறகு செருப்புத் தைக்கிற வேலைக்கு மாற்றினார்கள். ஜெப நேரம் வேறு, வேலை நேரம் வேறு என்ற பிரிவே தனக்கு இல்லை, அடுப்படியில் நாலு பேர் ஒரே நேரத்தில் நாலு விதமாகக் கூப்பிட்டாலும் கோவிலில் முழங்காலில் இருக்கிற அதே அமைதியில்தான் இருக்கிறேன் என்றார். இது ஒரே நாளில் வரவில்லை, முதல் பத்து வருஷம் பெரும்பாடு பட்டதாகவும் அவரே சொல்கிறார். வேலைக்கு நடுவே ஒரு நொடி உள்ளே திரும்பி ‘இங்கேதான் இருக்கிறீர், இல்லையா’ என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். மறந்துபோனால் ஞாபகம் வரும்போது மறுபடி கேளுங்கள். மறந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், அதற்கும் உங்களுக்கு நேரம் இல்லை.

கேள்வி: கடவுள் இருக்கிறாரா என்பதிலேயே எனக்குப் பாதி சந்தேகம். நான் உட்காரலாமா?

பதில்: மீதிப் பாதியோடு உட்காருங்கள். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று ஒரு தகப்பன் இயேசுவிடம் கதறியதை மாற்கு எழுதிவைத்திருக்கிறார். அவன் பிள்ளை குணமானான், அந்தப் பாதி விசுவாசத்துக்கே.

கேள்வி: நான் மூன்று வருஷமாக மௌன ஜெபம் செய்கிறேன். முன்னேறியிருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஜெபத்துக்குள் தேடினால் தெரியாது. இன்றைக்கு எவ்வளவு அமைதி வந்தது என்று பார்க்க ஆரம்பித்தால் பார்ப்பதிலேயே இருந்த அமைதியும் போய்விடும். மேலே சொன்ன அவிலாவின் தெரேசாவிடம் இதைக் கேட்டவர்களுக்கு, கடவுளை நேசிக்கிறோமா என்பது சரியாகத் தெரியாமல் போகலாம், பக்கத்தில் இருப்பவரை நேசிக்கிறோமா என்பது தெரிந்துவிடும் என்ற பொருளில் பதில் சொன்னார். அதனால் உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும்.

நானும் ஒரு தடவை துணிந்து என் மனைவியிடம் கேட்டேன். அவள் ரொம்ப நேரம் யோசித்தாள், அதுவே எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை. “வண்டி ஓட்டும்போது முன்னால் போகிறவனைத் திட்டுவது குறைந்திருக்கிறது” என்றாள். “சார்ஜர் காணவில்லை என்றால் மட்டும் இன்னும் அப்படியேதான்.”